உறைமோரும் கம்பைலரும்

வீட்டில் தயிர் சுத்தமாகத் தீர்ந்துபோன நாட்களில் அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "எதிர்வீட்டு அக்காகிட்ட கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வா" என்பார். பால் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கரண்டி மோர் இல்லாமல் தயிர் இல்லை. அந்த மோர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றைய தயிர் முந்தாநாள் மோரிலிருந்து. அப்படியானால் உலகத்தின் முதல் தயிருக்கு உறைமோர் கொடுத்த அக்கா யார்? (சின்ன வயதில் இதைக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

போன விடுமுறையில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்து நின்றது. அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரண்மேல் கிடந்தது. 2 ஜி.பி. நினைவகம், இரண்டு கோர். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் தெருவில் அந்த மடிக்கணினி வாங்கியவர்களில் பாஸைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் அதைத் துடைத்து, டெபியன் போட்டு, ஜி.சி.சி. என்ற கம்பைலரை மூல நிரலிலிருந்து நானே கட்டிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே ஜி.சி.சி. ஒரே கட்டளையில் இரண்டு நிமிடத்தில் தயாராக இறங்கிவிடும். இட்லி மாவு கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது, ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏன் வருகிறாய் என்கிற மாதிரி.

முதலில் கம்பைலர் என்றால் என்ன? தமிழில் தொகுப்பி என்றும் நிரல்மாற்றி என்றும் சொல்கிறார்கள். மனிதர்கள் எழுதும் நிரலை, இயந்திரத்துக்குப் புரியும் ஒன்று-சுழிகளாக மாற்றித் தரும் நிரல் அது. நாம் பயன்படுத்தும் மென்பொருட்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கம்பைலர் வழியாக வந்தவைதான். தமிழிலேயே நிரல் எழுதலாம் என்று முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி இருக்கிறதே, அது பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தான் சி மொழியில் எழுதப்பட்டது. அந்த சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற ஒரு சி கம்பைலர் வேண்டும். அப்படியே நூலைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு கம்பைலர் வாசலில்தான் போய் நிற்போம். சரி, கம்பைலரும் ஒரு நிரல்தானே? அதை இயந்திர மொழிக்கு மாற்றியது யார்? இன்னொரு கம்பைலர். அதை? எதிர்வீட்டு அக்கா!

ஆனால் தயிருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். உறைமோர் கிடைக்காவிட்டால் வெதுவெதுப்பான பாலில் பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பார்கள். முதல் தயிர் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்த மோரை ஊற்றி அடுத்த தயிர், அதிலிருந்து அடுத்தது. இரண்டு மூன்று சுற்றில் கெட்டித் தயிர் வந்துவிடும். கணினி உலகிலும் இதுதான் நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957-ல் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான் கம்பைலரை ஐ.பி.எம். 704 இயந்திரத்தின் தாழ்நிலை மொழியிலேயே கையால் எழுதினார்கள். எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் 1962-ல் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப் மொழியிலேயே எழுதி, ஏற்கனவே இருந்த இன்டர்பிரெட்டரில் அதை மெதுவாக ஓட்டி, அது தன்னைத்தானே இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். அந்த இன்டர்பிரெட்டர்தான் மிளகாய்க் காம்பு.

இனி ஜி.சி.சி. கதைக்கு வருவோம். அதில் வியாபாரமும் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற ஒரு முழு இயங்குதளம் அவர் கனவு. இயங்குதளம் எழுத வேண்டுமென்றால் முதலில் கம்பைலர் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்பைலர் தொகுப்பு இருந்தது. பெயரிலேயே 'சுதந்திர' இருக்கிறதே என்று அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம்தான் சுதந்திரம், கம்பைலர் அல்ல என்று பதில் வந்தது! அடுத்து லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பாஸ்டல் என்ற கம்பைலரின் மூல நிரலை வாங்கி, அதற்கு சி மொழிக்கான முன்பகுதியை எழுதிச் சேர்த்து, 68000 இயந்திரத்துக்கு மாற்றப் பார்த்தார். அது ஓடுவதற்கு மெகாபைட் கணக்கில் ஸ்டாக் இடம் கேட்டது. அந்த யூனிக்ஸ் கொடுத்ததோ 64 கிலோபைட். மொத்தக் கோப்பையும் விழுங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும் கம்பைலர் அது. இது சரிப்படாது என்று தூக்கி வைத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து புதிதாகவே எழுதினார். தான் எழுதிய சி முன்பகுதியை மட்டும் செப்பனிட்டு எடுத்துக்கொண்டார். 1987 மார்ச் 22 அன்று ஜி.சி.சி.யின் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸைப் பற்றி உலகுக்கு முதலில் சொன்ன அந்தச் சின்ன அறிவிப்பிலேயே, ஜி.சி.சி. 1.40 அதில் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். ஜி.சி.சி. இல்லாமல் லினக்ஸ் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வியாபாரப் பகுதி இதற்குப் பிறகுதான். அதுவரை யூனிக்ஸ் கணினி வாங்கினால் சி கம்பைலரும் கூடவே வரும். கடையில் பெட்ரோமாக்ஸ் வாங்கினால் மேண்டில் சேர்த்துக் கொடுப்பது போல. 1992-ல் சன் நிறுவனம் சோலாரிஸ் 2-ஐக் கொண்டுவந்தபோது கம்பைலரைப் பிரித்துத் தனி விலைக்கு வைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கூடுதல் வருமானம். நடந்ததோ வேறு. வாடிக்கையாளர்கள் ஜி.சி.சி. பக்கம் ஓடினார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சிக்கல். ஜி.சி.சி. மூல நிரலாக இருக்கிறது. அதைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும். கம்பைலர் இல்லாததால்தானே இதற்கே வந்தோம்! ஆகவே யாரோ ஒரு புண்ணியவான் கட்டி வைத்த ஜி.சி.சி.யை முதலில் இறக்கிக்கொண்டு, அதை உறைமோராக வைத்துத் தன்னுடையதைக் கட்டுவார்கள்.

1989-ல் தொடங்கிய சிக்னஸ் என்ற நிறுவனம், இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கம்பைலருக்குப் பராமரிப்பும் புதிய சிப்புகளுக்கான மாற்றங்களும் செய்து கொடுத்தே பிழைத்தது. பொருளுக்கு விலை இல்லை, சேவைக்கு விலை. 1999 நவம்பரில் ரெட் ஹேட் அதை வாங்குவதாக அறிவித்தபோது பங்குகளாகப் பேசப்பட்ட மதிப்பு சுமார் 67 கோடி டாலர். (செலவுக் கணக்கியல் வகுப்பில் இந்த உதாரணத்தை யாராவது சொன்னால் நான் தூங்க மாட்டேன்.)

எல்லோரும் சிக்னஸ் போல ஒழுங்காக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஜி.சி.சி.க்கு ஆப்ஜெக்டிவ்-சி முன்பகுதியை எழுதிவிட்டு, மூல நிரலைக் கொடுக்காமல் கட்டிய கோப்புகளை மட்டும் தருகிறோம், பயனர்களே சேர்த்துக்கொள்ளட்டும் என்று வழி தேடியது. ஜி.பி.எல். உரிமம் அதற்கு இடம் தராது என்று ஸ்டால்மன் தரப்பு பிடிவாதமாக நின்றதும் நிரலைக் கொடுத்தார்கள். ஸ்டால்மன் தரப்பும் எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். 90களில் புதிய மாற்றங்களை உள்ளே விடாமல் இறுக்கிப் பிடித்ததால் 1997-ல் ஒரு கூட்டம் பிரிந்துபோய் ஈ.ஜி.சி.எஸ். என்று தனிக்கடை போட்டது. அந்தக் கடை நன்றாக ஓடவே, 1999 ஏப்ரலில் பிரிந்துபோனவர்களையே அதிகாரபூர்வ ஜி.சி.சி. ஆக்கிவிட்டார்கள். தனிக்குடித்தனம் போன மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்த கதை.

இப்போது என் மடிக்கணினிக்கு வருகிறேன். ஜி.சி.சி. 13-ன் மூல நிரலை இறக்கி அவிழ்த்தேன். ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்று மூன்று கணித நூலகங்கள் வேண்டும். அவற்றை இறக்கித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் உள்ளேயே இருக்கிறது. மூல நிரல் இருக்கும் அடைவிலேயே கட்டக்கூடாது, தனி அடைவில் கட்ட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கையேட்டைப் படிக்காமல் ஆரம்பித்து ஒரு மணி நேரம் வீணானது தனிக்கதை. அப்புறம் கான்ஃபிகர். உடனே முதல் அடி: 32 பிட் நூலகங்கள் இல்லை என்றது. மல்டிலிப் வேண்டாம் என்று சொன்னதும் சமாதானமானது. அப்புறம் 'மேக்'. ஆர்வக்கோளாறில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நினைவகம் போதாமல் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிட்டது. 2 ஜி.பி.யில் அவ்வளவுதான் முடியும். ஒரு வேலை போதும் என்று மறுபடி ஓட்டினேன்.

நடுவில் மின்தடை. அஸ்தம்பட்டியில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் என்று பேப்பரில் போட்டிருந்ததைப் பார்க்காதது என் தவறு. மடிக்கணினியின் பேட்டரி செத்து வருடங்கள் ஆகிறது. மின்சாரம் வந்ததும் பயந்துகொண்டே மறுபடி 'மேக்' கொடுத்தால், கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, முடிந்ததை விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆனால் மின்சாரம் போன அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு காலியாகக் கிடந்தது. அது இருக்கிறது, நேரமும் புதிது, ஆகவே முடிந்தது என்று 'மேக்' நம்பிவிட்டது. அந்தக் கோப்பைத் தேடி அழிக்க ஒரு ராத்திரி.

இவ்வளவு நேரம் ஆவதற்குக் காரணம், ஜி.சி.சி. தன்னை மூன்று முறை கட்டிக்கொள்கிறது என்பது. ஏற்கனவே கணினியில் இருக்கும் கம்பைலரைக் கொண்டு முதல் ஜி.சி.சி. அந்த முதல் ஜி.சி.சி.யைக் கொண்டு, அதே மூல நிரலிலிருந்து இரண்டாவது. இரண்டாவதைக் கொண்டு மூன்றாவது. கடைசியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. முதலாவது அந்நியக் கம்பைலர் கட்டியது. அதனால் அதன் உடம்பு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் குணம் ஒன்றுதான், ஏனென்றால் மூல நிரல் ஒன்று. ஆகவே அது கட்டிய இரண்டாவதும், இரண்டாவது கட்டிய மூன்றாவதும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் எங்கோ கோளாறு.

இதைப் படித்தபோது எனக்கு இருப்பாய்வு ஞாபகம் வந்தது. பதினோராம் வகுப்பிலிருந்து அடித்துச் சொல்லித் தருவதுதான்: பற்றும் வரவும் சமமாக இருந்தால் கூட்டல் கணக்கு சரி, அவ்வளவே. இருப்பாய்வு டாலி ஆவதால் கணக்கேட்டில் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நடவடிக்கையை இரண்டு பக்கமுமே எழுதாமல் விட்டுவிட்டால்? முழு விடுபிழை. இருப்பாய்வு அழகாகச் சமமாகும், பணம் மட்டும் இருக்காது.

இந்த இடத்தைத்தான் 1984-ல் கென் தாம்சன் தொட்டார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். டென்னிஸ் ரிச்சியோடு சேர்த்து 1983-க்கான ட்யூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், ஒரு திருட்டை எப்படிச் செய்வது என்று படிப்படியாக விளக்கினார். கம்பைலருக்குள் ஒரு சிறு நிரல். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் லாகின் நிரலைக் கட்டும்போது மட்டும், அது யாருக்கும் தெரியாமல் ஒரு கள்ளச்சாவியைச் சேர்த்துவிடும். இதுவரை கண்டுபிடிக்கலாம், கம்பைலரின் மூல நிரலைப் படித்தால் தெரிந்துவிடும். அடுத்த படிதான் விஷயம். அந்தக் கம்பைலர் தன்னையே கட்டும்போதும் அடையாளம் கண்டுகொண்டு, இந்த இரண்டு திருட்டையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிடும். ஒருமுறை இப்படிக் கட்டிவிட்டு, மூல நிரலிலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். மூல நிரல் பளிங்கு மாதிரி சுத்தம். ஆனால் அதிலிருந்து கட்டுகிற ஒவ்வொரு கம்பைலரிலும் கள்ளச்சாவி இருக்கும். உறைமோர் புளித்திருந்தால் பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் தயிர் புளிக்கத்தானே செய்யும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால்? இரண்டிலும் இருக்கிறது. டாலி!

அவர் இந்த யோசனையைத் தனக்கு முன் அமெரிக்க விமானப்படைக்காக நடந்த ஒரு பாதுகாப்பு ஆய்வில் பார்த்ததாகவும் அந்த உரையிலேயே சொல்லியிருக்கிறார். வெறும் யோசனையாகவும் விடவில்லை, செய்து பார்த்தார். அந்தப் பழைய நிரலை 2023-ல் ரஸ் காக்ஸ் அவரிடம் கேட்டு வாங்கி விளக்கத்தோடு வெளியிட்டார். நம்பமுடியாத அளவுக்குச் சின்ன நிரல்.

இதற்கு மருந்து உண்டா? எங்கள் பாடத்தில் இருக்கும் மருந்துதான், வெளித் தணிக்கையாளர். டேவிட் வீலர் என்பவர் 2005-லும், பிறகு 2009-ல் தன் முனைவர் பட்ட ஆய்விலும் வழி காட்டினார். சம்பந்தமே இல்லாத இன்னொருவர் எழுதிய கம்பைலரை எடுத்து, அதைக்கொண்டு உங்கள் கம்பைலரின் மூல நிரலைக் கட்டுங்கள். அப்படி வந்ததைக்கொண்டு அதே மூல நிரலை இன்னொரு முறை கட்டுங்கள். உங்களிடம் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பைட் பைட்டாக ஒத்துப்போனால், உங்களுடையது மூல நிரலில் இருப்பதைத்தான் செய்கிறது. இரண்டு வேறு வேறு கம்பைலரிலும் ஒரே திருட்டு இருந்தால் தவிர! முக்கியமான விஷயம், மூல நிரல் கையில் இல்லாத கம்பைலருக்கு இந்தத் தணிக்கையே செய்ய முடியாது. கணக்கேட்டைக் காட்டாத கம்பெனிக்குத் தணிக்கை அறிக்கை எழுதுவது எப்படி?

இது எல்லாம் அமெரிக்கா கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலேயே இதே கேள்வி எழுந்திருக்கிறது.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014-ல் சக்தி என்ற பிராசஸர் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லியில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டற்ற கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2018-ல் ரைஸ்கிரீக் என்ற சிப்புகள் இன்டெலின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டரில் வந்தன. அதே ஆண்டு ரிமோ என்ற சிப் சண்டிகர் அருகே உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் வந்தது. 2020-ல் மௌசிக். 2025-ல் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ். வடிவமைப்பின் மூல நிரலை பி.எஸ்.டி. உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். பிராசஸரில் பிறர் வைத்த கள்ளச்சாவி இருக்கக்கூடாது என்பது இந்த மாதிரித் திட்டங்களின் பெரிய நியாயங்களில் ஒன்று.

ஒரு சிப்புக்கு இரண்டு பக்கமும் கம்பைலர் வேண்டும். மேல்பக்கம், அந்தச் சிப்பில் ஓடப்போகும் மென்பொருளைக் கட்ட ஒன்று. அதற்கு ஜி.சி.சி. ஆனால் 2014-ல் ஜி.சி.சி.யின் அதிகாரபூர்வப் பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் கிடையாது. 2017-ல் 7-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை ரிஸ்க்-ஃபைவைத் தொட்டவர்கள் எல்லோரும் பெர்க்லி வழி வந்த கிளையை இறக்கி, என்னைப்போல உட்கார்ந்து கட்டியாக வேண்டும். அது என்னுடையதைவிடச் சிக்கலான கட்டுமானம். இன்டெல் கணினியில் ஓடி ரிஸ்க்-ஃபைவுக்கு நிரல் தரும் குறுக்குக் கம்பைலர் அது. முதலில் ஒரு அரைகுறை ஜி.சி.சி., அதைக்கொண்டு சி நூலகம், அந்த நூலகத்தை வைத்து முழு ஜி.சி.சி. கட்டற்றதாக இருந்ததால்தான் யாரிடமும் போய் நிற்காமல் ஒரு புதிய சிப்புக்கு அதை மாற்ற முடிந்தது. ஜி.சி.சி.யின் உள்ளே கை வைக்க ஆள் வேண்டும் என்று இந்தியாவிலும் யோசித்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பாம்பேயில் பேராசிரியர் உதய் கேத்கர் ஜி.சி.சி.க்கென்றே ஒரு ஆய்வு மையம் நடத்தி, பிற கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் எடுத்தார்.

கீழ்ப்பக்கம், சிப்பின் வடிவமைப்பையே கட்ட இன்னொன்று. இங்கேதான் முடிச்சு. சக்தியை புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதினார்கள். அதை ஆலைக்குப் போகும் வெரிலாக் வடிவத்துக்கு மாற்றித் தருவது புளூஸ்பெக் கம்பைலர். லெனார்ட் அகஸ்ட்ஸன் 2000 வாக்கில் சாண்ட்பர்ஸ்ட் என்ற நிறுவனத்தில் தொடங்கிய மொழி இது. எம்.ஐ.டி. பேராசிரியர் அர்விந்த் 2003-ல் இதற்கென்றே புளூஸ்பெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அர்விந்த் நம்மவர், 1969-ல் ஐ.ஐ.டி. கான்பூரில் பட்டம் பெற்றவர். அங்கே 1963-லேயே ஐ.பி.எம். 1620 கணினி வந்து மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் காலமானார். ஆனால் அந்தக் கம்பைலர் வணிகப் பொருள், மூல நிரல் மூடியது.

ஆகவே நிலைமை இப்படி: சக்தியின் மூல நிரல் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் படித்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி சிப் வடிவமாகக் கட்ட வேண்டுமென்றால் உரிமம் உள்ள கம்பைலர் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. அஸ்தம்பட்டியில் ஒரு பையனுக்கு? கணக்கேடு திறந்திருக்கிறது, ஆனால் கூட்டிப் பார்க்கும் கால்குலேட்டர் பூட்டிய அறைக்குள். தாம்சன் சொன்ன ஆபத்தை நினைத்தால் இன்னும் உறுத்தும். கள்ளச்சாவி இல்லாத சிப் வேண்டும் என்று நாமே வடிவமைத்துவிட்டு, அதை, உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாத ஒரு கம்பைலர் வழியாக அனுப்புவது. யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றவில்லை என்று சரிபார்க்க வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

2020 ஜனவரியில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். புளூஸ்பெக் கம்பைலரின் மூல நிரல் பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியானது. கட்டளையாக அதன் பெயர் பி.எஸ்.சி. (பி.காம். காரன் கடைசியில் பி.எஸ்.சி.யில் சேர்ந்தான் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.) சிப் ஆலைக்குள் எத்தனையோ மூடிய கருவிகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் நம் சிப்பின் வடிவமைப்பை வீட்டில் உட்கார்ந்து வெரிலாக் வரைக்கும் நாமே கட்டிப் பார்க்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா என்றும் கேட்கத்தான் வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் மென்பொருளில் கள்ளச்சாவி பிடிபட்டது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள். எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் முக்கியமான அந்த ஒரு கோப்பு இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிக் கொடுத்த பொதியில் மட்டும், கான்ஃபிகர் ஓடும்போது வேலை செய்யும் ஸ்கிரிப்டாக ஒளிந்திருந்தது. டெபியன், ரெட் ஹேட் வகைப் பொதிகளாகக் கட்டுகிறார்களா என்று அது பார்த்தது. அப்படியென்றால் மட்டும் நஞ்சைச் சேர்த்தது. என்னைப்போல வீட்டில் கையால் கட்டுகிறவனை விட்டுவிட்டது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம்.

மிளகாய்க் காம்பு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். குனு கைக்ஸ் திட்டத்தினர் 2023-ல் அறிவித்தது: வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதை நிரலில் தொடங்கி, அதிலிருந்து கொஞ்சம் பெரியது, அதிலிருந்து இன்னும் பெரியது என்று படிப்படியாக ஏறி, ஜி.சி.சி. வரைக்கும் எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்டிவிட்டார்கள். 357 பைட் என்றால் இந்தப் பத்தி அளவுகூட இல்லை. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்துச் சரிபார்க்கலாம்.

என் ஜி.சி.சி. இரண்டாம் நாள் இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. ஒப்பீடு வெற்றி என்று ஒரு வரி வந்தது. 'வணக்கம்' என்று அச்சிடும் ஐந்து வரி நிரலைக் கட்டி ஓட்டினேன். வந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா ரெண்டு நாளு?" என்றார்.

இப்போது பி.எஸ்.சி.யைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. அதைக் கட்ட ஜி.எச்.சி. என்ற ஹாஸ்கெல் கம்பைலர் வேண்டும். ஜி.எச்.சி.யும் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. ஜி.எச்.சி.யைக் கட்ட வேண்டுமானால் முதலில் ஒரு ஜி.எச்.சி. வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. 357 பைட் விதை இந்தப் பக்கம் வரவில்லை. டெபியன் கட்டி வைத்திருந்ததை இறக்கிக்கொண்டேன், எதிர்வீட்டில் கிண்ணம் நீட்டுவது போலத்தான். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு மின்தடை இருக்கிறதா என்று இந்தமுறை பேப்பரில் பார்த்துவிட்டேன்.